வீடு முழுமைக்கும் ஒரு விசிறி



கட்டுரைப் பயிற்சி, இலக்கணம், நன்னெறி என்றே எழுதி வந்த நான் இன்று கூரையைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் முதல் பாடவேளையிலேயே நான்கைந்து தலைகள் மேசையில் சாய்ந்துவிடுகின்றன. இரவு நெடுநேரம் தொலைக்காட்சி பார்த்தாயா என்று கேட்டால், "இல்ல டீச்சர், மேல ரூம்பு ஒரே அனலு, தூக்கமே வரல" என்கிறார்கள். முதலில் இதனைச் சாக்கு என்றே கருத இடமுண்டு. ஆனால், அதே அனலில் வாழும் எனக்கு அவர்களைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை.

நாங்கள் குடியிருப்பது சுங்கை பட்டாணியில், இரண்டு மாடி வரிசை வீட்டில். இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே சன்னல்கள். பின்பக்கம் மேற்குத் திசை. என் கணவர் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர இரவு வேலை பார்ப்பவர். காலை எட்டு மணிக்கு வீடு திரும்பி, மேல்மாடியில் பகல் முழுவதும் உறங்க வேண்டியவர். என் மாமியார், அதாவது எங்கள் அத்தை, கீழறையில் இருக்கிறார். முழங்கால் வலி காரணமாகக் குளிர்சாதனம் அவருக்கு ஆகாது. ஏர்கோன் காற்று எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பார். ஆக, ஒருவருக்குப் பகலில் குளிர்ச்சி வேண்டும். மற்றவருக்கு இரவில் காற்று வேண்டும். அதுவும் இயற்கைக் காற்றாக வேண்டும். கணவர் உறங்கும் அறையில் காலை ஒன்பது தொடங்கி மாலை ஐந்து வரை ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. மின்கட்டணத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

வடமாநிலங்களின் வெயிலை இங்குள்ளோர் நன்கறிவர். பெர்லிசின் சுப்பிங்கில் 1998ஆம் ஆண்டு ஏப்ரலில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் வெப்பத்தின் பொருட்டுப் பள்ளிகளையே மூடினார்கள். ஆயினும், நமது சிக்கல் பகல் வெயில் மட்டுமன்று. பகல் வெயிலை இரவு வரைக்கும் சேமித்து வைத்துக்கொள்ளும் வீடும் சிக்கல்தான்.

அத்தை பிறந்து வளர்ந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில். "துத்தநாகத் தகரம் போட்ட வீடு, பலகைச் சுவரு. மத்தியானம் அடுப்பு மாதிரி கொதிக்கும். ஆனா ராத்திரி பத்து மணிக்கெல்லாம் போர்வை தேடுவோம். இந்தக் கல் வீட்டுல வெடியுற வரைக்கும் சுவரு சுடுதே, ஏம்மா?" என்று ஒருநாள் கேட்டார். அறிவியல் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி, என்னிடம் கேட்டார். தகரமும் பலகையும் மெல்லியவை; விரைவில் சூடேறும், விரைவில் ஆறும். செங்கல்லும் காரைத்தளமும் கனமானவை. மெதுவாகச் சூடேறி, மெதுவாகவே ஆறும். மாலை ஆறு மணிக்கு வெளியே வெப்பம் இறங்கத் தொடங்கும்போது நமது சுவர்கள் அப்போதுதான் பகல் வெப்பத்தை உள்ளே கக்கத் தொடங்குகின்றன. லயத்தின் பலகைச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாகச் சூடான காற்று தானாகவே வெளியேறிற்று. நம் வீட்டிலோ, அந்த வெப்பம் போவதற்கு வழியே இல்லை. ஏழு மணிக்கு எல்லாச் சன்னலையும் நாமே அடைத்துவிடுகிறோம்!

இதனைப் பற்றி 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஜப்பானிய ஆய்வாளர் தெட்சு குபோத்தாவும் அவர்தம் குழுவினரும் ஜொகூர் பாருவில் நம்முடையவை போன்ற வரிசை வீடுகளிலேயே கருவிகளை வைத்து அளந்தார்கள். பகலில் சன்னலைத் திறந்து இரவில் மூடும் வீட்டைவிட, இரவில் திறந்து பகலில் மூடும் வீட்டில் பகலின் உச்ச வெப்பம் ஏறத்தாழ 2.5 பாகை குறைந்தது. இரவு வெப்பமும் சராசரியாக 2 பாகை குறைந்தது. ஆனால் மக்கள் செய்வதென்ன? பெரும்பாலோர் பகலில் திறக்கிறார்கள், இரவில் மூடுகிறார்கள். வெளியே 33 பாகை இருக்கும்போது வீட்டைத் திறந்து வைத்து, 25 பாகைக்கு இறங்கியதும் கதவடைத்து, பிறகு ஏர்கோனை முடுக்கிவிடுகிறோம். நானும் என் தாயாரும் அவர்தம் தாயாரும் பகலில் சன்னலைத் திறந்து வைப்பதைத் தூய்மையின் இலக்கணமாகவே கொண்டிருந்தோம். வழக்கம் என்பது எளிதில் போகக்கூடியதா?

இந்த வழக்கத்தைப் புரட்டிப் போட உதவும் கருவிதான் அமெரிக்கர்கள் 'ஹோல் ஹவுஸ் ஃபேன்' என்று அழைக்கும் முழுவீட்டு விசிறி. மேல்மாடி நடைவழியின் சீலிங்கில் இதனைப் பொருத்துவார்கள். ஓடத் தொடங்கியதும் வீட்டுக் காற்றை உறிஞ்சிக் கூரைக்குள் தள்ளும். திறந்த சன்னல்கள் வழியாக வெளிக்காற்று உள்ளே புகும். கூரைக்குள் சென்ற காற்று அங்கு தேங்கியிருக்கும் அனலையும் தள்ளிக்கொண்டு இறவாரத் துளைகள் வழியே வெளியேறும். கடைகளில் கேட்டபோது, தொழிற்சாலைக் கூரைகளில் காற்றில் சுழலும் உருண்டையான காற்றோட்டியைத்தான் முதலில் காட்டினார்கள். அது வேறு. அது கூரைக்குள் இருக்கும் காற்றை மட்டும் வெளியேற்றும். நாம் வாழும் அறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மேலும், காற்று வீசினால்தான் ஒழுங்காகச் சுழலும். பெயர் மயக்கத்தால் பணத்தை வீணாக்கிவிடாதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இக்கருவி பிறந்த மண் வேறு. நம் மண் வேறு. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் பகல் எவ்வளவு சுட்டாலும், மாலையில் கழிமுகப் பக்கமிருந்து குளிர்காற்று வந்து இரவு வெப்பம் 15 பாகை அளவுக்கு இறங்கிவிடும். அக்காற்று உலர்ந்ததும்கூட. அம்மாநிலக் கட்டட ஆற்றல் விதிகளிலேயே சில வட்டாரங்களின் புது வீடுகளுக்கு இந்த விசிறிக்கு இடமுண்டு. நம் நாட்டிலோ இரவு வெப்பம் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. ஈரப்பதமோ விடியற்காலையில் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டும். ஆகவே, அமெரிக்க விளம்பரங்கள் சொல்லும் அற்புதம் இங்கு நிகழாது. எனினும், கெடாவிலும் பெர்லிசிலும் சனவரி முதல் மார்ச்சு வரை வறண்ட காலம், மேகமற்ற இரவுகள், விடியலில் பனி மூட்டம்கூட விழும். வெப்பம் மிகுந்த அதே மாதங்களில்தான் நம் இரவுகளும் நன்றாக ஆறுகின்றன. இது நமக்கு வாய்த்த நற்பேறு.

இனி கணக்கு. மாணவர்க்குக் கொள்ளளவுப் பாடம் நடத்துகிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது! எங்கள் வீட்டின் இரு தளங்களும் சேர்ந்து 1,400 சதுர அடி. உயரம் 10 அடி. ஆக, 14,000 கன அடி காற்று. சதுர அடி ஒன்றுக்கு நிமிடத்திற்கு 2 கன அடி என்று வைத்தால், 2,800 கன அடி தள்ளக்கூடிய விசிறி வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வீட்டுக் காற்று முழுவதும் மாறும்.

தள்ளிய காற்று வெளியேற வேண்டுமே! நிமிடத்திற்கு 750 கன அடிக்கு ஒரு சதுர அடி திறப்பு என்பது அமெரிக்க நிறுவுநர்களின் பொதுக்கணக்கு. அப்படியானால், எங்களுக்கு ஏறக்குறைய 3.7 சதுர அடி. வலையும் சாய்சட்டமும் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளுமாதலால் இரட்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். முன் இறவாரத்தில் எட்டடி நீளம், அரையடி அகலம்; பின் இறவாரத்திலும் அவ்வாறே; மொத்தம் 8 சதுர அடி திறந்தோம். ஓட்டு இடுக்குகள் வழியே காற்று போய்விடும், திறப்பெல்லாம் தேவையில்லை என்றார் குத்தகையாளர். பழைய வீடுகளில் ஓரளவு போகலாம். ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் விரித்த வீடுகளில் எப்படிப் போகும்? வழி கிடைக்காத காற்று சீலிங்கின் இடுக்குகள் வழியாகக் கூரைத் தூசியைச் சுமந்துகொண்டு மீண்டும் அறைக்கே திரும்பும். திறப்புகளுக்கு உறுதியான கம்பிவலை கட்டாயம். இல்லையேல் முசாங்கு பூனை குடும்பத்துடன் குடியேறிவிடும். அதன் வாடையை ஒருமுறை நுகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அமெரிக்கக் கருவியை வரவழைக்கலாமா என்றும் பார்த்தோம். அங்குள்ளவை பெரும்பாலும் 120 வோல்ட்டு, 60 எர்ட்சு மின்சாரத்திற்கானவை. நமது 230 வோல்ட்டு, 50 எர்ட்சில் நேராக ஓடா. இறுதியில், பட்டர்வொர்த்தில் தொழிற்சாலைகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் காற்றுப்போக்கி விற்கும் கடையொன்றில், குழாய்க்குள் பொருத்தும் வகை விசிறியை அளவு சொல்லி வாங்கினோம். மூன்று வேகம் உண்டு. மின்பயன்பாடு 300 வாட்டுக்கும் குறைவு. நாள்தோறும் நாலரை மணி நேரம் ஓடினாலும், ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் முழுவேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடுவதைவிடக் குறைவாகவே செலவாகும்.

பொருத்தும்போது கவனித்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசிறியைச் சீலிங்கில் ஆணியடித்து இறுக்கவில்லை. கூரைச் சட்டத்தில் தொங்கவிட்டு, நடுவே இரப்பர்த் துண்டுகள் வைத்து, வளையும் குழாயால் சீலிங் திறப்புடன் இணைத்தோம். அதனால் இரைச்சல் வெகுவாகக் குறைந்தது. கூரைச் சட்டம் எதையும் வெட்ட விடாதீர்கள். சட்டங்களுக்கு இடையில் எவ்வளவு இடம் உள்ளதோ அதற்கேற்ற திறப்பே போதும். நம் வீடுகளில் குளியலறைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கும்; அதற்கு அருகில் வைக்க வேண்டா. பழைய வீடாயின் சீலிங் தகடு கல்நார் கலந்ததா என்று அறிந்த பின்னரே அறுக்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. மின்னிணைப்பைப் பதிவுபெற்ற ஒயர்மேன் வழியாகவே செய்தோம். விசிறி ஓடாத நேரத்தில் திறப்பை மூடுவதற்குத் தடித்த நுரைப்பலகை ஒட்டிய மூடி ஒன்றும் உண்டு. இது இல்லையென்றால், பகலில் கூரையின் அனல் அந்த ஓட்டை வழியாகவே கீழே கதிர்வீசும். விசிறியைவிட மூடிக்கு நான் மதிப்பு அதிகம் தருவேன்.

இதுவரை சொன்னதெல்லாம் எளிய பகுதி. விசிறி வீட்டுக்கு வந்து இரு வாரங்கள் பெட்டியிலேயே கிடந்தது. ஏன்? சன்னல்!

இரவில் சன்னல் திறந்திருந்தால்தான் இக்கருவிக்குப் பொருளுண்டு. என் கணவரோ இரவில் வீட்டில் இல்லை. நானும், இடைநிலைப்பள்ளியில் பயிலும் மகனும், அத்தையும் மட்டுமே. எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் சென்ற ஆண்டு சமையலறைச் சன்னல் வழியாகத் திருடர்கள் புகுந்தார்கள். "காத்துக்காகக் கள்ளனுக்குக் கதவைத் திறந்து வைக்கச் சொல்றியா?" என்று அத்தை கேட்டபோது என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அவர் அச்சம் நியாயமானது. அவர் அறையிலிருப்பது பழைய நாக்கோ கண்ணாடிச் சன்னல். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடலாம். உட்புறம் கிரில் இருந்தாலும், கையை நுழைத்து மேசை மேலிருப்பதை எடுக்கவும் கூடும். தூக்கம் வருவது குளிர்ச்சியால் மட்டுமா? அச்சமின்மையாலும் அல்லவா?

கணவர் விடுப்பில் இருந்த ஒரு மாலையில் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மேல்மாடிச் சன்னல்களுக்குக் கிரிலும் பூட்டும் போட்டு, அவற்றை இரவில் திறப்பது. கீழ்த்தளச் சன்னல்களை எக்காரணம் கொண்டும் திறப்பதில்லை. அத்தையின் அறைக்கு மட்டும், சன்னலுக்கு மேலே, சீலிங்கை ஒட்டி, நான்கடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட ஒரு திறப்பை உடைத்து, பழைய வீடுகளில் காணப்படும் காற்றுக்கற்களைப் பதித்தோம். ஆள் நுழைய முடியாது. கை நுழைத்தாலும் தாழ்ப்பாள் எட்டாது. மழைச்சாரல் படாமல் சிறு கூரையும் வைத்தோம். 1984ஆம் ஆண்டு சீரமைக் கட்டடத் துணைவிதிகள் ஓர் அறையின் தரைப்பரப்பில் நூற்றில் பத்துப் பங்கு சன்னலும், ஐந்து பங்கு காற்றுப் போகும் திறப்பும் வேண்டும் என்கின்றன. எல்லா வீட்டிலும் சன்னல் உண்டுதான்; ஆனால் இரவில் அச்சமின்றித் திறக்கத்தக்க சன்னல் எத்தனை வீட்டில் உண்டு? இந்த வேலைகளுக்கும் கொசுவலைக்கும் ஆன செலவு விசிறியின் விலையைத் தாண்டியது. வருத்தமில்லை. அன்றிரவு அத்தை சன்னலைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். மேலிருந்து இறங்கிய காற்று அவர் முகத்தில் பட்டது. நள்ளிரவில் நான் இறங்கிச் சென்று பார்த்தபோது நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார், கால்வரை போர்த்தியிருந்தார்.

பயன்படுத்தும் முறையையும் நாங்கள் சிறிது சிறிதாகவே கற்றோம். முன்னிரவில் எல்லாச் சன்னலையும் திறந்தால் காற்று பல கிளையாகப் பிரிந்து எவருக்கும் தெரியாமல் போகிறது. நாங்கள் இருக்கும் அறையின் சன்னலை மட்டும் திறந்தால் கதையே வேறு. 2,800 கன அடிக் காற்று 14 சதுர அடித் திறப்பு வழியே புகுந்தால், நிமிடத்திற்கு 200 அடி வேகம். அதாவது நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். வியர்வை உலர இந்தத் தென்றல் போதும்.

அந்தி நேரத்தில் ஓட்டுவதில்லை. முதற்காரணம், அத்தை ஏழு மணிக்குச் சாமி விளக்கேற்றுவார். விசிறி ஓடினால் சுடர் படுத்துவிடும். இரண்டாம் காரணம், ஏடிஸ் கொசு மிகுதியாகக் கடிக்கும் நேரம் அதுவே. இருட்டிய பின் எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்று வரை ஓட்டுகிறோம். பிறகு, விடியற்காலை ஐந்து மணிக்குப் பள்ளிக்குப் புறப்படும் பரபரப்பினூடே மீண்டும் முடுக்கிவிட்டு, ஆறரைக்கு நிறுத்தி மூடியைப் போட்டு, சன்னல் திரைகளை எல்லாம் இழுத்துவிடுகிறேன். நாளின் மிகக் குளிர்ந்த காற்று அதுதான். அந்தக் குளிர்ச்சியைச் சுவர்கள் ஏற்றுக்கொள்கின்றன. கணவர் எட்டு மணிக்கு வந்து, மூடிய வீட்டில் சாதாரண மின்விசிறியின் கீழ் படுக்கிறார்.

பிப்ரவரியில் சுவரில் மாட்டிய வெப்பமானியில் நான் குறித்து வந்த அளவுகள் இவை: இரவு எட்டு மணிக்கு வெளியே 27, மேலறையில் 31. பத்து மணிக்கு மேலறை 28.5. விடியலில் 26. பிற்பகல் இரண்டு மணிக்கு முன்பு 33 காட்டிய அறை, இப்போது 31 காட்டுகிறது. பெரிய வெற்றி என்று பறைசாற்ற மாட்டேன். மார்ச்சின் மேற்கு வெயிலில் கணவர் இன்னமும் ஏர்கோனைப் போடுகிறார். ஆனால் காலை ஒன்பதுக்கன்று, நண்பகலுக்குப் பிறகு. ஓர் உறக்கத்தின் முதற்பாதி ஓசையின்றிக் கழிகிறது.

சில எச்சரிக்கைகள். சன்னல் அனைத்தும் மூடியிருக்க விசிறியை ஓட்டவே கூடாது. குளியலறைச் சாக்கடைத் துளை வழியாக வாடையையும், அடுப்பெரிந்தால் அதன் புகையையும் உள்ளே இழுக்கும். முன்சன்னல் திறந்திருக்கும்போது முகப்பில் மகிழுந்தை முடுக்காதீர்கள். 2015, 2019 ஆண்டுகளில் பள்ளிகளை மூட வைத்த புகைமூட்டத்தை நினைவிற்கொள்ளுங்கள். அத்தகைய நாள்களில் இவ்விசிறி வீட்டுக்குள் புகையைக் கொட்டும் எந்திரமாகிவிடும். மழைமாதங்களில் இரவுக்காற்று ஈரம் சுமந்து வரும். அக்டோபரில் ஓர் இரவு முழுதும் ஓட்டியதில், நான் திருத்த வைத்திருந்த மாணவர்களின் கட்டுரை ஏடுகள் அப்பளம்போல் சுருண்டன. அலமாரியில் பூஞ்சை வாடை. அம்மாதங்களில் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஒற்றை மாடி வீட்டுப் பெற்றோரும், வாடகை வீட்டில் இருப்போரும் கேட்கக்கூடும்: கூரையைத் துளைக்க இயலாத நாங்கள் என்ன செய்வது? வாங்குவதற்கு முன் நாங்களும் ஒரு வாரம் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். சாதாரண நிற்கும் விசிறி ஒன்றைப் பின்னறைச் சன்னலுக்கு அருகே, காற்றை வெளியே தள்ளும்படி திருப்பி வையுங்கள். அந்த அறைக்கதவைத் திறந்து, பிள்ளைகள் படுக்கும் அறையின் சன்னலை மட்டும் வலையோடு திறந்துவிடுங்கள். இரவு எட்டு முதல் பத்து வரை போதும். மறுநாள் பகலில் சன்னல்களை மூடி, திரையை இழுத்துவிட்டுச் செல்லுங்கள். ஒரு வெப்பமானியும் குறிப்பேடும் பக்கத்தில் இருக்கட்டும். அளவைப் பிள்ளைகளே எழுதட்டும். ஒரு வாரம் கழித்து அந்தக் குறிப்பேட்டை என் வகுப்புக்குக் கொண்டுவந்தால், வரைபடம் வரையப் பயன்படுத்திக்கொள்வோம்.